மூணு கேம் பெட்டியும் எங்க கணக்கும்

ஆலயத்துக்கு உபயமாக வந்த மூணு பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பத்தி நிறைய பேர் கேட்டுட்டீங்க. "கோயிலுக்கு எதுக்குப்பா கேம் மெஷின்?" என்பதில் ஆரம்பித்து, "பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்களாமே?" என்பது வரைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நடந்ததை இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படிங்க.

ஜோகூர் பாருவில் ரொம்ப வருஷம் கேம் கடை வைத்திருந்த ஒருவர் காலமாகிவிட்டார். கடைவீட்டைக் காலி பண்ணும்போது பின்கட்டில் இந்த மூணும் கிடந்தன. அவருடைய துணைவியார் எங்களைக் கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போங்கப்பா. வித்து, வர்ற பணத்தை எஸ்.பி.எம். பிள்ளைங்க டியூஷனுக்கு வச்சுக்கங்க" என்றார். லோரி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தோம். இந்தப் பதிவை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறோம்.

வந்த அன்றைக்கே ஆலயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. மூத்தவர் ஒருவர் நேராகவே சொன்னார்: "அந்த மாதிரி கடையிலதான் எங்க அண்ணன் மவன் பள்ளிக்கூடம் போகாம கெடந்தான். பஸ் காசு எல்லாம் அதுலதான் போச்சு." அவர் சொன்னதில் தப்பில்லை. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுக்க வீடியோ கேம் கடைகளை மூட அரசாங்கம் முடிவெடுத்ததை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். விளையாட்டு என்ற பெயரில் சூதாட்டப் பெட்டிகள் புகுந்தது அதற்கு ஒரு முக்கியமான காரணம். ஆக, இந்தப் பெட்டிகளைக் கோயிலில் வைத்து விளையாடுவது என்ற பேச்சே எழவில்லை. விற்பது என்பது முதல் நாளே முடிவு. என்ன விலைக்கு, யாருக்கு, எந்த நிலையில் விற்பது என்பதில்தான் மண்டை காய்ந்தது.

பழைய சாமான்காரர் வந்து பார்த்தார். மூணுக்கும் சேர்த்து 240 வெள்ளி என்றார். "எல்லாம் மாத்துன பெட்டி ஐயா. ஒண்ணுகூட அசல் இல்ல. அதனால விலை இல்ல" என்பது அவர் கணக்கு. இது உபயப் பொருள். அதன் மதிப்பு தெரியாமல் தள்ளிவிட்டால், அந்த அம்மா கொடுத்ததில் பாதியை நாமே தொலைத்த மாதிரி. அதனால் எங்களில் நாலு பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தோம். டிவி ரிப்பேர் கடையில் 30 வருஷம் வேலை பார்த்த அங்கிள் ஒருவர் கூட இருந்தார்.

முதலில், மாற்றப்பட்ட பெட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். கேம் பெட்டி விலை கூடிய சாமான். ஒரு விளையாட்டு ஒரு வருஷம் நன்றாக ஓடும், அப்புறம் யாரும் காசு போட மாட்டார்கள். அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிய முடியுமா? உள்ளே இருக்கும் போர்டை எடுத்துவிட்டு வேறு விளையாட்டின் போர்டைப் போடுவார்கள். மேலே விளக்கு எரியும் பெயர்ப்பலகையை மாற்றுவார்கள், பக்கத்தில் பெயின்ட் அடிப்பார்கள். புதுப் பெட்டி மாதிரி இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். 1985-இல் ஜப்பானில் 'ஜாம்மா' என்ற பொதுவான ஒயரிங் முறை வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஒயரிங். ஜாம்மா வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக்: ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, மொத்தம் 56 முனைகள். பழைய போர்டைப் பிடுங்கி, புதுசைச் செருகினால் வேலை முடிந்தது.

பழைய சாமான்காரர் சொன்னது மாதிரி மாற்றினாலே மதிப்பு போய்விடும் என்றால், உலகத்தில் பாதிப் பெட்டிக்கு மதிப்பு இருக்காது. நிண்டெண்டோ கம்பெனி 1980-இல் 'ரேடார் ஸ்கோப்' என்று ஒரு விளையாட்டை விட்டது. அமெரிக்காவில் அது சரியாகப் போகவில்லை. சுமார் 2,000 பெட்டிகள் கிடங்கில் தேங்கின. 1981-இல் அந்தப் பெட்டிகளையே திறந்து, உள்ளே இருந்ததை மாற்றி, 'டாங்கி காங்' ஆக்கி விற்றார்கள். அந்த விளையாட்டில்தான் பின்னால் மாரியோ என்று பெயர் வாங்கிய ஆள் முதன்முதலாக வந்தார். அப்படி மாற்றிய முதல் பெட்டிகள் சிவப்பு நிறம், அப்புறம் வந்தவை நீலம். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்தச் சிவப்புப் பெட்டியைத்தான். 1982-இல் வந்த 'மிஸ் பேக்மேன்' விளையாட்டும், பேக்மேன் பெட்டியில் செருகுவதற்காக வெளியாட்கள் செய்த ஒரு மாற்றுப் போர்டாக ஆரம்பித்ததுதான்.

இங்கே ஜோகூரிலேயே ஒன்று சொல்கிறோம். ஜோகூர் பாரு அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம் நம் எல்லோருக்கும் தெரியும். 1922-இல் தோன்றிய கோயில். கண்ணாடி வேலை முடிந்து மக்களுக்குத் திறந்தது 2009-இல். இன்றைக்கு யாராவது போய், "இந்தக் கண்ணாடியை எல்லாம் உரித்துவிட்டுப் பழைய அசல் சுவரைக் காட்டுங்க" என்று கேட்பார்களா? அந்த மாற்றம்தான் இப்போது அந்தக் கோயிலின் அடையாளம். இன்னொரு பக்கம், பழைய மர வாகனத்தின் மேல் திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்ட் ஏற்றி ஏற்றி, மயில் தோகையில் தச்சர் செதுக்கிய கோடே தெரியாமல் போயிருப்பதையும் திருப்பணி வேலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மாற்றத்தைச் சுரண்டி எடுத்தால்தான் பொருளுக்கு உயிர். ரெண்டும் மாற்றம்தான், ஆனால் ரெண்டும் ஒண்ணு இல்லை.

அதனால் எங்களுக்குள் மூணு கேள்வி வைத்துக்கொண்டோம். முன்பு இது என்னவாக இருந்தது, அதில் எவ்வளவு மிச்சம்? எந்தக் காலத்து நிலைக்குத் திருப்புவதில் அர்த்தம் இருக்கிறது? இனிமேல் நாம் செய்யும் வேலையை நாளைக்கு ஒருத்தர் பிரித்து எடுக்க முடியுமா?

முதல் பெட்டி. நின்று விளையாடுவது. மேலே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்று பெயர்ப்பலகை. இது 1991-இல் வந்த விளையாட்டு. ஒரு ஆளுக்கு ஆறு பட்டன், மூணு குத்து, மூணு உதை. கண்ட்ரோல் பேனலை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஸ்டிக்கர் மூடியிருக்கும். கழற்றி அடிப்பக்கம் பார்த்தோம். நடுவில் ஒரு வட்டம், மரப்பசை வைத்து அடைத்திருந்தது. ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்குக்கான ஓட்டை. பக்கத்தில் பட்டன் ஓட்டை அடைத்த தடம் எதுவும் இல்லை. ஒரு ஜாய்ஸ்டிக், அடிக்கிற பட்டனே இல்லாத விளையாட்டு என்றால் என்னவாக இருக்கும்?

அங்கிள் டார்ச் அடித்து அணைந்திருந்த திரையைக் காட்டினார். "இங்க பாருங்கப்பா." கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஒரு படம். பேக்மேன் கட்டம்! ஆனால் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. பழைய டியூபில் ஒரே படம் வருஷக்கணக்கில் ஓடினால் உள்பூச்சு எரிந்து, அந்தப் படம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பேக்மேன் 1980-இல் வந்தது, திரை நெட்டுக்குத்தாக நிற்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குத் திரை படுக்கையாக வேண்டும். அதனால் டியூபைச் சட்டத்தோடு திருப்பி வைத்திருக்கிறார்கள். சட்டத்தைப் பிடிக்கும் திருகு ஓட்டைகளும் ரெண்டு ஜோடி இருந்தன. உள்ளே ஒரு மூலையில், எதிலும் சேராமல் வெட்டிவிட்ட பழைய ஒயர்கள் தொங்கின. அது ஜாம்மாவுக்கு முந்தைய ஒயரிங். ஒரு காகிதம்கூட இல்லாமல் பெட்டி தன் கதையைச் சொல்லிவிட்டது.

இப்போது கேள்வி: பேக்மேனுக்குத் திருப்புவதா, ஸ்ட்ரீட் ஃபைட்டராகவே விடுவதா? இளைஞர்களில் ஒரு தம்பிக்குப் பேக்மேன் ஆசை. "அண்ணே, அதுதான் அசல். அசலுக்குத்தான் விலை" என்றான். வெளிநாட்டில் அது சரிதான். மிட்வே கம்பெனி செய்த பேக்மேன் பெட்டியின் மேல் யாரோ கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், மெதுவாகச் சுரண்டி அடியில் இருக்கும் மஞ்சள் சித்திரத்தை மீட்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே மீட்பதற்கு ஒன்று இருக்கிறது. நம்ம பெட்டி கம்பெனிப் பெட்டி இல்லை. நல்ல கனமான பிளைவுட்டில் உள்ளூர் தச்சர் அடித்து, ஃபார்மைக்கா ஒட்டிய பெட்டி. பேக்மேன் போர்டு போய்விட்டது, பெயர்ப்பலகை போய்விட்டது, பேனல் போய்விட்டது. மிச்சம் இருப்பது கண்ணாடியில் ஒரு நிழல் மட்டும். எல்லாவற்றையும் புதுசாக வாங்கிப் போட்டு "இது அசல் பேக்மேன்" என்று விற்றால் அது பொய். ஸ்ட்ரீட் ஃபைட்டர் பக்கம் பார்த்தால் போர்டு, ஆறு பட்டன் ஒயர், பெயர்ப்பலகை, காசுக் கதவு எல்லாமே இருக்கின்றன. அந்த அம்மாவும் சொன்னார்: "அந்தப் பெட்டிக்குத்தான் கியூ நிக்கும். கடைசி வரைக்கும் அவரு அதை விக்கவே இல்ல." அதனால் கடை ஓடிய காலத்து நிலையிலேயே வைப்பது என்று முடிவு செய்தோம்.

சரிசெய்தது கொஞ்சம்தான். டியூபுக்குப் பின்னால் இருக்கும் மானிட்டர் போர்டில் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை அங்கிள் மாற்றினார். பவர் சப்ளை புதுசு. எர்த் ஒயர் இல்லாமல் இருந்ததால் ஒழுங்கான மூணு முள் பிளக் போட்டோம். மொத்தச் செலவு 145 வெள்ளி. படம் வந்தது. ஃபார்மைக்காவில் இருந்த கீறல், சிகரெட் சுட்ட தழும்பு எதையும் தொடவில்லை.

வீட்டில் இந்த மாதிரி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டியூபை நீங்களாகவே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். தெரிந்தவரைக் கூப்பிடுங்க.

ரெண்டாவது பெட்டி. பார்க்க மூணிலேயே அழகானது. சிவப்புப் பெட்டி, நியோ ஜியோ என்று பெயர். இதில் விளையாட்டை மாற்றுவதற்குப் போர்டையே கழற்ற வேண்டியதில்லை, கேசட் மாதிரி செருகினால் போதும். 1990-இல் வந்த முறை. கூடவே ரெண்டு கேசட், அதில் ஒன்று கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. அந்தக் காலத்துப் பையன்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தால் 'பொத்' என்று சத்தம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதும், பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. கீழே ஒரு சாண் உயரத்துக்கு ஊதியிருந்தது. பின்பக்கம் கரையான் பாதை. மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இதை நிமிர்த்த முடியாது. புதுப் பலகை வெட்டிச் செய்தால் அது வேறு பெட்டி. போர்டை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு சின்ன பேட்டரி உண்டு, வயதானால் கசிந்து பக்கத்துச் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். கசிவு ஆரம்பித்திருந்தது, நல்ல வேளை ரொம்பப் பரவவில்லை. பேட்டரியை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தோம். பெட்டி குப்பைக்கு. போர்டும் கேசட்டும் தனியாக விற்பனைக்கு. பேட்டரி கசிந்த இடத்தைப் படம் எடுத்து, வாங்க வந்தவருக்கு முதலில் அதைத்தான் காட்டினோம். 450 வெள்ளிக்குப் போனது. பழைய சாமான்காரர் மூணு பெட்டிக்கும் சேர்த்துச் சொன்னதைவிட அதிகம்.

மூணாவது பெட்டியைத் திறந்தபோதுதான் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். போர்டு எதுவும் இல்லை, காலிப் பெட்டி. பேனலில் ஜாய்ஸ்டிக் இல்லை, வரிசையாக அஞ்சு பட்டன். பக்கவாட்டில் சாவி போடும் ஒரு துளை. திரையில் டார்ச் அடித்தால் அஞ்சு செவ்வகம், பக்கம் பக்கமாக. சீட்டுக்கட்டு! போக்கர். பேனலின் அடியில் ஜாய்ஸ்டிக் ஓட்டைகள் அடைத்த தடம் இருந்தது. அதாவது பிள்ளைகள் விளையாடிய பெட்டியைத்தான் யாரோ சூதாட்டப் பெட்டியாக மாற்றியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த மூத்தவர் சொன்ன விஷயம் கண்ணெதிரே நின்றது.

அம்மாவிடம் மறைக்கவில்லை. அவரே சொன்னார்: "அது அவரு வாங்கினது இல்லப்பா. கடை மூடுற நேரத்துல பணம் தர வேண்டியவங்க பணத்துக்குப் பதிலா விட்டுட்டுப் போனது. ஒருநாளும் அவரு அதைப் போட்டதில்ல." போர்டு உள்ளே இருந்திருந்தால் நாங்கள் அதை விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் இந்த மாதிரி இயந்திரங்களுக்கும் பொருந்தும். நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். காலிப் பெட்டி என்பதால் பிரித்துப் போட்டோம். மானிட்டர் போர்டு மட்டும் முதல் பெட்டிக்கு உதிரியாக இருக்கட்டும் என்று அங்கிள் எடுத்து வைத்தார். இந்தப் பெட்டிக்கும் சரித்திரம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதைத் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆலயத்தின் கை நீளாது. பலகை நல்ல பலகை. டியூஷன் வகுப்புக்குப் புத்தக அலமாரி அடிக்கலாம் என்றோம். "சீட்டாடுன பலகையில பிள்ளைங்க புத்தகமா?" என்று ஒரு அக்கா போட்ட போட்டில் அது செருப்புத் தட்டாகிவிட்டது. வாசலில் இடதுபக்கம் இருக்கிறது, நீங்களும் அதில்தான் செருப்பு விடுகிறீர்கள்.

கடைசியாக முதல் பெட்டியின் விலை. ரெண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் சேகரிப்பாளர். அப்படியே வைத்துக்கொள்கிறேன், 1,000 வெள்ளி என்றார். இன்னொருவர் காப்பிக் கடை திறக்கப் போகிறவர். 1,800 வெள்ளி. ஆனால் டியூபை எடுத்துவிட்டு எல்.சி.டி. திரை வைத்து, ஒரே போர்டில் நிறைய விளையாட்டு வரும் புது வகையைப் போடுவேன் என்றார்.

இங்கேதான் எங்களுக்குள் சூடு ஏறியது. "இவ்வளவு பாடுபட்டு டியூபை எழுப்பினது பிடுங்கிப் போடறதுக்கா?" என்று ஒரு பக்கம். "800 வெள்ளி வித்தியாசம்ணே. அது நம்ம காசு இல்ல, பிள்ளைங்க காசு" என்று இன்னொரு பக்கம். பழசைக் காப்பாற்றும் ஆசை நமக்கு இருக்கலாம். அந்த ஆசைக்கான செலவை டியூஷன் பிள்ளைகள் தலையில் கட்டலாமா? அம்மாவையே கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை: "எதுல புத்தகம் கூட வருமோ அதுக்கே குடுங்க. அவரும் அப்படித்தான். ஓடாத விளையாட்டை மாத்திருவாரு."

அதனால் காப்பிக் கடைக்காரருக்கே கொடுத்தோம். ஆனால் எங்கள் மூணாவது கேள்வியை அவர் முன்னால் வைத்தோம். மரத்தை வெட்டக் கூடாது, புது ஓட்டை போடக் கூடாது. எல்.சி.டி.யை ஏற்கெனவே இருக்கும் திருகு ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். ஜாம்மா ஒயரை வெட்டக் கூடாது, புதுப் போர்டும் அதே பிளக்கில்தான் செருக வேண்டும். கழற்றிய டியூபும் பழைய போர்டும் எங்களிடம் திரும்பி வர வேண்டும். அவர் நல்ல மனுஷர், ஒத்துக்கொண்டார். எழுதியும் கொடுத்தார். டியூபும் போர்டும் துணி சுற்றி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதிய தாளோடு அங்கிள் வீட்டில் இருக்கின்றன. இந்த வகை டியூபைப் பெரிய கம்பெனிகள் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. நாளைக்கு யாராவது அந்தப் பெட்டியை மறுபடி ஸ்ட்ரீட் ஃபைட்டராக்க நினைத்தால், ஒரு மத்தியான வேலை.

சேகரிப்பாளர் தம்பிக்கு வருத்தம்தான். அவர் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. டியூபில் அந்த விளையாட்டு தெரிவது மாதிரி எல்.சி.டி.யில் தெரியாது.

கணக்கு: போர்டும் கேசட்டும் 450. பெட்டி 1,800. செலவு: ரிப்பேர் 145, லோரி 120. மிச்சம் 1,985 வெள்ளி, டியூஷன் நிதியில் சேர்த்தாகிவிட்டது. ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்கள் வீட்டு ஸ்டோரிலோ, கடைப் பின்கட்டிலோ இந்த மாதிரி பெட்டி கிடந்தால், பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அஞ்சு விஷயம் பாருங்க. அடிப்பலகையைத் தட்டிப் பாருங்க. பேனலின் அடிப்பக்கம் அடைத்த ஓட்டைகளை எண்ணுங்க. அணைந்த திரையில் டார்ச் அடித்து எந்த நிழல் தெரிகிறது என்று பாருங்க. பெட்டி கம்பெனி செய்ததா, தச்சர் செய்ததா என்று பின்பக்கத் தகட்டைத் தேடுங்க. போர்டில் பேட்டரி கசிந்திருக்கிறதா என்று தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்க. சந்தேகம் இருந்தால் எங்களுக்குப் படம் அனுப்புங்க, அங்கிளைக் கேட்டுச் சொல்கிறோம்.

டியூஷன் வகுப்பு வழக்கம்போல சனிக்கிழமை காலை. கணக்குப் பாடத்துக்கு இன்னும் ஒரு ஆசிரியர் தேவைப்படுகிறார். முடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்க.